சீற்றுக்கம்பியில் இரண்டு கோடுகள்

எங்கள் பழைய சைக்கிளின் சீற்றைத் தாங்கும் கம்பியில் இரண்டு கோடுகள் இருக்கின்றன. ஒன்று என் சிவப்பு நகப்பூச்சால் போட்டது. அதற்கு நான்கு விரல் கீழே இருப்பது என் கணவர் அரத்தால் கீறியது. கோடு குழாயின் வாயில் வந்து நின்றால் அது அவரவர் உயரம். சீற்றை உயர்த்த உயர்த்தக் கம்பி குழாய்க்குள் இருந்து வெளியே வரும். அதனால் நெட்டையான அவருடைய கோடு கீழே, கட்டையான என்னுடைய கோடு மேலே. இந்த ஓர் இடத்திலாவது நான் மேலே இருக்கிறேனே என்று அவரைச் சீண்டுவேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து வெளிநாடு வந்து ஹம் நகரில் குடியேறிய காலத்தில் எங்கள் இருவருக்கும் அந்த ஒரு சைக்கிள்தான். பிள்ளைகளோடு ஒருவராவது நிற்க வேண்டும் என்று அவருக்குத் தொழிற்சாலையில் விடிகாலை வேலை, எனக்கு முதியோர் இல்லத்தில் பின்னேர வேலை. இரண்டு மணிக்கு அவர் வந்து சைக்கிளைக் கட்டடத்தின் நிலவறையில் விட்டுவிட்டுப் படியேறுவார். நான் படியிறங்குவேன். நடுவில் சாவி கைமாறும். யாழ்ப்பாணத்தில் கடைக்காரர் எந்த உயரத்தில் சீற்றை முறுக்கிவிட்டாரோ அதிலேயே வீட்டில் எல்லோரும் ஓடினோம். இங்கே சீற்றுக்குக் கீழே ஒரு சின்னப் பிடி இருந்தது. அதைத் திறந்தால் கம்பி கையோடு ஏறும், இறங்கும். வாங்கிய அன்று அவர் அதை எத்தனை தடவை ஏற்றி இறக்கிப் பார்த்திருப்பார் என்று கணக்கே இல்லை.

எங்களுக்குரிய உயரத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்டுபிடித்தோம். சுவரைப் பிடித்தபடி ஏறி உட்கார்ந்து குதிக்காலைப் பெடலில் வைக்க வேண்டும். பெடல் ஆகக் கீழே போகும்போது கால் நேராக நிற்க வேண்டும். அப்போதுதான் முழங்கால் நோகாது என்று அவரோடு வேலை செய்த ஒருவர் சொல்லியிருந்தார். எனக்கோ இரண்டு பாதமும் நிலத்தில் முட்டினால்தான் தைரியம். அடம்பிடித்தேன்.

"அப்பிடி எண்டால் நடந்தே போம்," என்றார் கணவர். ஆனாலும் என் கோட்டை அந்த உயரத்திலேயே போட விட்டார்.

கோடுகள் போட்ட பிறகு ஒரு வழக்கம் வந்தது. சைக்கிளைக் கொண்டுவந்து விடுபவர், அடுத்தவரின் கோட்டுக்குச் சீற்றை வைத்துவிட்டுத்தான் மேலே வர வேண்டும். ஆறுதலாக இருந்து கதைக்க நேரமில்லாத வருடங்கள் அவை. நிலவறைக்குப் போய்ச் சீற் என் கோட்டில் நிற்பதைக் கண்டால் அவர் என்னோடு ஒரு வார்த்தை கதைத்த மாதிரி இருக்கும்.

பிறகு ஒரு சண்டை வந்தது. முதியோர் இல்லத்தில் எனக்கு அவுஸ்பில்டுங் என்ற தொழிற்படிப்புக்கு இடம் தர முன்வந்தார்கள். மூன்று வருடம் படித்தால் உதவியாளாக இருந்த நான் முறையாகத் தேர்ந்த பராமரிப்பாளராகிவிடலாம். எனக்கு அது பெரிய கனவு.

"காலமை நீர் பள்ளிக்கூடம் போனால் பிள்ளையளை ஆர் பாக்கிறது? உது ஏலாது," என்றார், சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து தலையை நிமிர்த்தாமலே.

எனக்கு வந்ததே கோபம்! அவரோடு பேச்சை நிறுத்தினேன். அதோடு சீற்றை ஏற்றி வைப்பதையும் நிறுத்தினேன். கை இருக்கிறதுதானே, தானே ஏற்றிக்கொள்ளட்டும்.

மறுநாள் மத்தியானம் போய்ப் பார்த்தால் சீற் என் கோட்டில் சரியாக நின்றது. அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும் அப்படியே. வாயைத் திறக்காத இந்த மனுசன் எனக்காகச் சீற்றை மட்டும் இறக்கி வைக்கிறாரே என்று மனம் இளகிவிட்டது. எட்டாம் நாள் புட்டும் மீன்குழம்பும் வைத்து, நானாகவே கதை கொடுத்தேன். நீண்ட நேரம் கதைத்தோம். கடைசியில் அவர் வேலை நேரத்தை மாற்றித் தரும்படி கேட்கச் சம்மதித்தார், நான் படித்தேன். அன்றைக்கே சீற்றை அவருடைய கோட்டுக்கு ஏற்றி வைத்தேன்.

அதன் பிறகு யார் வீட்டுக் கொண்டாட்டமானாலும் இந்தக் கதையைச் சொல்லுவேன். முதலில் விட்டுக்கொடுத்தவர் அவர்தான், சீற்றே சாட்சி என்பேன். அவர் பக்கத்தில் இருந்து சிரிப்பார்.

இப்போது பிள்ளைகள் எங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு புதுச் சைக்கிள் வாங்கித் தந்திருக்கிறார்கள். கடையில் காலிடுக்கில் ஒரு புத்தகத்தை வைத்துக் கால் நீளத்தை அளந்து, எங்கள் உடம்புக்கென்றே பொருத்திக் கொடுத்தார்கள். நல்ல சைக்கிள்கள்தான், ஆனால் ஒருவருடையதில் மற்றவர் கைவைக்கத் தேவையில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை.

இந்த வருடம் அவருக்கு முழங்கால் சத்திரசிகிச்சை நடந்தது. நின்ற இடத்திலேயே சைக்கிள் மிதிக்க வேண்டும், முதலில் சீற்றை உயரமாக வைத்து, கால் மடங்க மடங்கக் குறைக்க வேண்டும் என்றார் பயிற்சி கொடுப்பவர். மகன் பழைய சைக்கிளை நிலவறையில் ஒரு தாங்கியில் பூட்டிக் கொடுத்தான். சீற்றை நான் ஏற்றினேன்.

"இஞ்சாருங்கோ, அந்த எட்டு நாளும் நீங்கள் எனக்கு இறக்கி வச்சதுக்கு இப்ப நான் ஏத்தி விடுறன்."

"நான் எங்கை இறக்கினனான்? ஏத்தினால்தானே இறக்கிறதுக்கு," என்றார்.

"என்ன?"

"நீர் விட்ட மாதிரியே எட்டு நாளும் ஓடினனான். முழங்கால் ஹாண்டிலிலை இடிக்க இடிக்க."

"ஏனப்பா? ஏத்த ஒரு நிமிசம் காணுமே!"

"நாளைக்கு நீர் ஏத்தி வச்சிருப்பீர், நாளைக்கு ஏத்தி வச்சிருப்பீர் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

எனக்கு ஆத்திரம் வந்தது, அழுகையும் வந்தது. அந்த எட்டு நாளும் விடிகாலையில் இந்த மனுசன் நிலவறையில் நின்று சீற்றைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். இவ்வளவு காலமும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"ஆக்களுக்கு அந்தக் கதையைச் சொல்லேக்கை உம்மட முகத்தை நீர் பாத்ததில்லையே," என்றார்.

அதனால்தான் முழங்கால் போனதோ என்றும் கேட்டேன். எட்டு நாளில் முழங்கால் தேயுமா, அது மெசினுக்கு முன்னால் நின்று தேய்ந்தது என்று சிரித்தார்.

கிழமைக்குக் கொஞ்சமாகச் சீற்றைக் குறைத்து வந்தேன். போன கிழமை அது அவருடைய கோட்டுக்கு வந்துவிட்டது. இனி உதவி வேண்டாம் என்று தானே கைப்பிடியைப் பிடித்துப் படியிறங்கிப் போகிறார்.

நேற்று அவர் மிதித்துவிட்டு வந்த பிறகு உடுப்புக் காயப்போட நிலவறைக்குப் போனேன். சீற் என் கோட்டில் நின்றது. இந்தமுறை உண்மையாகவே இறக்கி வைத்திருந்தார். உடுப்புக் கூடையை நிலத்தில் வைத்துவிட்டுச் சைக்கிளில் ஏறிக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு சீற்றை அவருடைய கோட்டுக்கு ஏற்றி வைத்துவிட்டு மேலே வந்தேன்.