கணேசலிங்கம் அண்ணையின் கைராசி

ஜெர்மனியின் ஹம் நகரில் எங்கள் ஆட்கள் நடத்திய கடைகளுக்கு ஒரு சரித்திரம் எழுதினால், எல்லா அத்தியாயமும் கணேசலிங்கம் அண்ணையோடுதான் தொடங்கும். அநேகமாக அதே வருடத்தில் முடிந்தும் விடும்.

அவர் கடைக்காரரல்ல, திருகாணி செய்யும் தொழிற்சாலையில் வேலை. ஆனால் கைராசிக்காரர் என்று பெயர். 1988இல் சிவகுருநாதன் காய்ச்சலில் படுத்திருந்தபோது அவருடைய அகதி விண்ணப்பத்தைக் கொண்டுபோய்த் தபால்பெட்டியில் போட்டவர் இவர். நாங்களெல்லாம் வருடக்கணக்காகக் காத்துக்கிடக்க, சிவகுருநாதனுக்கு நாலே மாதத்தில் விசா கிடைத்துவிட்டது. அன்றிலிருந்து யார் கடை திறந்தாலும் முதல் வியாபாரம் அண்ணையின் கையால்தான். சாம்பல் நிறக் கோட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு வந்து ஒரு பக்கெற் உப்பு வாங்குவார்.

1990இல் சிவகுருநாதன் பலசரக்குக் கடை திறந்தார். எட்டு மாதத்தில் படுத்துவிட்டது. பிறகு ஆனந்தராசாவின் வீடியோக் கடை. ஒரு வீட்டுக்காரர் எடுத்த படம் பத்து வீட்டில் பிரதியானது. ஆறு மாதம். அதற்குப் பிறகு முருகேசுவின் சேலைக்கடை. அங்கே உப்பு இல்லாததால் அண்ணை ஒரு சேலை வாங்கினார். மனிதருக்குக் கல்யாணமே ஆகவில்லை! அந்தக் கடை ஐந்து மாதம் ஓடியது. அப்போதும் சனம், "அண்ணையின்ரை கை பட்டபடியால்தான் அஞ்சு மாதமாவது ஓடினது" என்றது. எங்கள் சனம் நம்பத் தொடங்கினால் எண்ணுவதை விட்டுவிடும்.

1996இல் என் மனைவி பேர்பெச்சுவா, தானும் ஒரு பலசரக்குக் கடை திறக்கிறேன் என்று நின்றாள். ஏழு வருடம் ஆஸ்பத்திரிச் சலவை அறையில் வேலை செய்து, வெடித்த கைகளோடு அந்த வேலையை விட்டிருந்தாள். கடை படுத்தால் மறுபடியும் அந்தச் சலவை அறைதான்.

"அந்த மனிசன் முதல் வாங்கினால் எங்கடை கடையும் துலைஞ்சுது" என்றாள்.

"பாதர் வந்து தீர்த்தம் தெளிச்சவரெல்லே?"

"தீர்த்தம் தீர்த்தம்தான். கைராசி கைராசிதான்."

அண்ணையை அழைக்காமலும் விட ஏலாது. ஆகவே ஒன்பது மணிக்குத் திறக்கும் கடையைப் பத்து மணிக்குத் திறப்பதாக அவருக்குச் சொல்ல முடிவு செய்தோம். தொலைபேசியில் அந்தப் பொய்யை வெட்கமில்லாமல் சொன்னவன் நான்தான்.

ஆனால் அவர் ரயிலுக்கே ஒரு மணித்தியாலம் முந்திப் போய் நிற்கிறவர் என்பதை மறந்துவிட்டோம். எட்டரை மணிக்கே எதிர்ப்பக்கத்து பஸ் தரிப்பில் சாம்பல் நிறக் கோட்டு நின்றது. பக்கத்தில் ஊன்றுகோலோடு ஒரு ஜெர்மன் கிழவி. பேர்பெச்சுவா என் கையில் நுள்ளினாள்.

"போய் என்னத்தையாவது சொல்லுங்கோ!"

றோட்டைக் கடந்து போனேன். "என்ன அண்ணை, வெள்ளனவே வந்திட்டியள்?"

"தம்பி, நான் வாங்க வரேல்லை" என்றார் அவர். "இவ ஃப்ராவ் க்ராமர், எனக்குக் கீழ்வீடு. இந்த ஊரிலை நாப்பது வருசம் பேக்கரி நடத்தினவ. கடை ஒருநாளும் படுக்கேல்லை. முதல் வியாபாரத்தை இவ செய்யட்டும். என்ரை கையைப் பற்றி எனக்குத் தெரியாதே?"

என் முகம் எரிந்தது. செத்துப்போகலாம் போல வெட்கமாக இருந்தது.

ஒன்பது மணிக்கு ஃப்ராவ் க்ராமர் உள்ளே வந்தார். அண்ணை சொல்லிக் கொடுத்திருப்பார் போலும், நேரே போய் ஒரு பக்கெற் உப்பை எடுத்தார். மிளகாய்த்தூளை வாசலில் அடுக்கினால் யார் உள்ளே வருவார்கள் என்று பேர்பெச்சுவாவை ஒருமுறை ஏசிவிட்டுப் போனார்.

அண்ணை சொன்னதை நான் சொல்ல, பேர்பெச்சுவா பஸ் தரிப்புக்கு ஓடினாள். "உள்ள வாங்கோ அண்ணை."

"இன்னும் நாலு பேர் வாங்கட்டும் தங்கச்சி. ஆறாவதா வாறன். அதிலை ஆபத்தில்லை."

அவள் அங்கேயே நின்று அழுதாள்.

மூன்று வருடமாகிறது, கடை படுக்கவில்லை. அண்ணை மட்டும் இன்றுவரை மத்தியானத்துக்கு முன் கடைக்குள் கால் வைப்பதில்லை. போன மாதம், பல் வைத்தியரிடம் வேலை பழக எங்கள் மகள் லவினியா எழுதிய விண்ணப்பத்தை முத்திரையும் ஒட்டி அவரிடம் நீட்டினாள் பேர்பெச்சுவா.

"அண்ணை, இதை நீங்கள்தான் போஸ்ற் பெட்டியிலை போடவேணும். வேறை ஒருதரிட்டையும் குடுக்கமாட்டன்."

பெட்டி எங்கள் கடை வாசலிலேயே இருக்கிறது. அண்ணை கடிதத்தைத் தொடவில்லை.

"கொஞ்சம் பொறு தங்கச்சி" என்று வீட்டுக்குப் போய், அந்தச் சாம்பல் நிறக் கோட்டை மாட்டிக்கொண்டு வந்தார்.