ஜெபதுரை மாஸ்டரின் முணுமுணுப்பு

பந்தை வயிற்றோடு சேர்த்துத் துடைத்துக்கொண்டே வருகிறார் ஜெபதுரை. வெள்ளைச் சட்டையில் தொப்புளுக்கு நேரே வட்டமாய்ச் செம்மண் கறை. கூடைப்பந்தில் எதிராளி செய்த தவறுக்காகக் கிடைக்கும் ப்ரீ த்ரோவைப் போடுகிறவன் கோட்டில் வந்து நிற்கும்வரை துடைப்பார். எத்தனை வீச்சு என்று விரலைத் தூக்கி எல்லோருக்கும் காட்டுவார். இருபுறமும் வரிசை கட்டி நிற்பவர்களைப் பார்த்து, "ஏலே, அவன் போடுமுன்ன ஒருத்தனும் கோட்டத் தாண்டப்பிடாது" என்று அதட்டுவார். பிறகு பந்தைக் கையில் கொடுப்பார். கொடுக்கும்போது உதடு அசையும்.

அந்த உதடுதான் இப்போது வழக்காகிவிட்டது.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பள்ளிக்கூடமொன்றில் அவர் டிரில் மாஸ்டர். ஒரு கோடை முழுக்கச் சென்னையில் தங்கிக் கூடைப்பந்து கற்றுவந்தவர். சுற்றுவட்டாரத்தில் இதன் சட்டம் தெரிந்தவர் வேறு யாருமில்லை. சம்பளத்துக்குப் பள்ளிக்கூடம், சந்தோஷத்துக்குச் சனிக்கிழமை ஆட்டத்தில் நடுவர் வேலையும் கழுத்தில் தொங்கும் விசிலும்.

போன மாதம் ராஜபாளையத்து மில் அணி இவர் ஊர் அணியிடம் தோற்றது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அணித் தலைவன் காளிராஜ் தன் ஆட்களோடு தெலுங்கில் படபடவென்று பேசிவிட்டு நேரே இவரிடம் வந்தான்.

"ஒங்க ஊர்க்காரன் காதுல மட்டும் என்னமோ ஓதுதிய மாஸ்டர். அடுத்த ஆட்டத்துல வாயத் தொறந்தா, மதுரையில இருந்து வேற ரெப்ரிய கூட்டியாந்துருவோம்."

ஜெபதுரைக்குக் கோபம்கூட வரவில்லை. "நான் பேசுதேனா?" என்றார். அவருக்கு நிஜமாகவே தெரியாது.

உள்ளூர் ஆட்டக்காரர்களைக் கேட்டுப் பார்த்தார். "'மெதுவா, தேர் ஒண்ணும் ஓடிப் போயிடாது'ன்னு சொல்வேளே சார்" என்றான் சேஷு. இருதயம் என்ற ஆட்டக்காரனின் காதில் அது பைபிளின் சங்கீத வசனமாக விழுந்திருக்கிறது. குருசாமியோ, "ஏசுதியன்னுல்லா நெனச்சேன்!" என்றான். மூன்று பேருக்கு மூன்று வேதம். வீட்டுக்கு வந்து மனைவி இன்பத்திடம் கேட்டார். "தூக்கத்துலயுந்தான் பேசுதிய. என்னன்னு யாரு கண்டா?" என்று அவள் உலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

தன் வாய் தன் பேச்சைக் கேட்காதென்றால் மனிதன் என்ன செய்வான்? விசில் போய்விடுமோ என்ற பயம் அவருக்குச் சோற்றைக்கூட இறங்கவிடவில்லை. கடைசியில் அந்த விசிலையே வாய்க்குப் பூட்டாக்கினார். இந்தச் சனிக்கிழமை மறுபடி ராஜபாளையத்தோடு ஆட்டம் தொடங்கியதிலிருந்து அதைப் பல்லில் கடித்தபடியே ஓடினார். அதட்டலும் இல்லை. வரிசையில் நின்றவர்கள் எப்போது நகர்வது என்று தெரியாமல் ஒருவர் காலை ஒருவர் மிதித்தார்கள்.

முடிய ஒரு நிமிஷம்கூட இல்லை. ராஜபாளையம் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது. மோதிக் கீழே விழுந்த காளிராஜுக்கு இரண்டு வீச்சு கிடைத்தது. ஜெபதுரை இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார், பந்தை அவன் கையில் வைத்தார், விசிலை இன்னும் இறுக்கிக் கடித்தார்.

காளிராஜ் பந்தைப் போடவில்லை. தரையில் தட்டினான், வளையத்தைப் பார்த்தான், மறுபடி இவரைப் பார்த்தான். வாங்கிய பத்து நொடிக்குள் போடாவிட்டால் வீச்சு செல்லாது. ரெப்ரி ஊதியாக வேண்டும். ஊதினால் ராஜபாளையத்தைக் கவிழ்த்தவர் என்பார்கள். பேசினால் மதுரைக்காரர் வந்துவிடுவார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. ஜெபதுரை மனசுக்குள் நொடிகளை எண்ணினார். வியர்வை கண்ணுக்குள் இறங்கியது.

"என்ன மாஸ்டர்," என்றான் காளிராஜ், கெஞ்சுகிற குரலில், "எனக்கு ஒண்ணும் சொல்லலியா?"

சொல்லிவிட்டுத் தலையைச் சாய்த்துக் காதைக் கிட்டே கொண்டுவந்தான்.

என்ன சொல்ல வேண்டுமென்று ஜெபதுரைக்கு இப்போதும் தெரியவில்லை. வாயிலிருந்த விசிலை எடுத்தார்.