குடைப் பாட்டுக்கு விழுந்த ஓட்டு

எனக்குப் பன்னிரண்டு வயது நடந்துகொண்டிருந்த வருஷத்தில், தமிழ்நாடு முழுக்கச் சிதறிக் கிடந்த இருநூறு சொச்சம் பெண்களுக்கு நான் முப்பத்தாறு வயதுக்காரியாக இருந்தேன். இதில் என் சாமர்த்தியம் எதுவும் இல்லை. பள்ளிக்கூடத்தை மூடிவிட்டுப் போனிலேயே பாடம் நடத்திய காலம் அது. எங்கள் வீட்டில் படம் தெரிகிற போன் ஒன்றுதான், அது அம்மாவுடையது. அப்பாவிடம் இருந்தது பட்டன் போன். ஆம்பூரில் ஷூ கம்பெனிகளைத் திறந்துவிட்டார்கள், பள்ளிக்கூடத்தைத் திறக்கவில்லை. அதனால் காலையில் கம்பெனி பஸ் ஏறும்போது அம்மா போனை என்னிடம் விட்டுவிட்டுப் போவாள். மெஷினில் உட்காருகிறவர்கள் போன் வைத்துக்கொள்ளக் கூடாது என்பதால், அவளுக்கு அது ஒரு இழப்பே இல்லை என்று நானாக முடிவு செய்திருந்தேன்.

பக்கத்து வீட்டு ஆயிஷாதான் என்னை அந்தக் குரூப்பில் சேர்த்துவிட்டாள். கொரியாவில் ஐந்து பையன்கள் சேர்ந்து பாடுவார்கள், ஆடுவார்கள். அவர்களுடைய தமிழ் ரசிகைகளுக்கான குரூப். சேர்ந்தது அம்மாவின் நம்பரில். எனவே பெயர் அம்மாவுடையது. படமும் அம்மாவுடையது. திமிரியில் ஒரு கல்யாணத்தில் எடுத்த படம் அது; பட்டுப்புடவை, தலையில் கனகாம்பரம், கையில் சாத்துக்குடி ஜூஸ். மாற்றிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நான் போட்ட முதல் மெசேஜுக்கே, "அக்கா, நீங்களும் நம்ம பசங்க பாட்டு கேக்கறீங்களா, செம" என்று பத்துப் பேர் இதயம் இதயமாக அனுப்பியதும் மாற்ற மனசு வரவில்லை. வகுப்பில் நான் கை தூக்கினால் டீச்சர்கூடப் பார்க்க மாட்டார். இங்கே காலேஜ் படிக்கிறவர்கள் என்னை அக்கா என்றார்கள்.

ஒரு பொய்யைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அதற்குச் சோறு போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வயதைக் கேட்டார்கள், "என் பொண்ணுக்கே பன்னிரண்டு" என்றேன். அது உண்மைதானே. வேலை என்ன என்று கேட்டார்கள். அம்மா வேலை செய்தது ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கிற செக்‌ஷனில். அதை எழுத ஆரம்பித்து, அழித்துவிட்டு, "ஷூ டிசைனர்" என்று போட்டேன். அப்படியே விட்டிருக்கலாம். "இத்தாலிக்குப் போற ஷூவெல்லாம் நான் வரையறதுதான்" என்றும் சேர்த்துக்கொண்டேன். அன்றிலிருந்து நான் ஆம்பூர் அக்கா. இரண்டு பேர் சண்டை போட்டால் தீர்ப்பு சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். ஒரு பெண் தன் காதல் விவகாரத்தில்கூட என்னிடம் யோசனை கேட்டாள். படிப்பைப் பார் என்று எழுதினேன். நன்றி அக்கா என்று பதில் வந்தது.

இந்த நிலையில்தான் வேலூரில் காலேஜ் படித்துக்கொண்டிருந்த அட்மின் அக்கா ஒரு போட்டி வைத்தாள். பதினாறு பாட்டு. இரண்டு இரண்டாக மோதவிட்டு, ஓட்டுப் போட்டு, தோற்றதைத் தூக்கிவிட்டு, கடைசியில் நிற்பது எது என்று பார்ப்பது. யார் எதற்கு ஓட்டுப் போட்டார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டு, மாற்றக் கூடாது. இதற்காக அந்தப் பெண்கள் போட்ட சண்டையைப் போல எந்தத் தேர்தலிலும் நான் இதுவரை பார்த்ததில்லை.

என் பாட்டு, லிஃப்ட் பாட்டு. அதன் பெயரை வாயில் நுழைக்க முடியாததால் நாங்கள் வைத்த பெயர். ஐந்து பேரும் ஒரு லிஃப்டுக்குள் ஆடுவார்கள், லிஃப்ட் தீப்பொறி பறக்க மேலே போகும். எதிரி, குடைப் பாட்டு. ஒருத்தன் மழையில் குடையோடு நின்று, நாலு நிமிஷம் நின்றுகொண்டே பாடுவான். அந்தப் பாட்டுக்காக மதுரையிலிருந்து மின்மினி என்ற பெயரில் ஒருத்தி வாதாடினாள். "உணர்வு இருக்கு அதில்" என்பாள். "அந்தப் பாட்டைப் போட்டா எங்க தெரு நாய்கூடத் தூங்கிடுது" என்று நான் எழுதுவேன். இதற்கு எண்பது பேர் சிரித்தார்கள். என் பேச்சைக் கேட்டே நிறையப் பேர் லிஃப்ட் பக்கம் வந்தார்கள். கடைசிச் சுற்றில் நான் எதிர்பார்த்தபடியே இந்த இரண்டு பாட்டும்தான் நின்றன.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டு. காலை ஆறு மணிக்கு ஆரம்பித்து மாலை ஆறுக்கு முடிவு. சனிக்கிழமை சாயங்காலம் அம்மா இடியைத் தூக்கிப் போட்டாள்: குடியாத்தத்தில் அவள் பெரியம்மா மகளுக்கு நிச்சயதார்த்தம். ஆள் கம்மியாக வரச் சொல்லியிருக்கிறார்கள். அம்மா மட்டும் போவதாக ஏற்பாடு. வழியில் போன் வேண்டும், எடுத்துக்கொண்டு போகிறாள்.

நான் அழுதேன். வயிற்று வலி என்றேன், ஞாயிற்றுக்கிழமை பரீட்சை என்றேன். அம்மா புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்டாள், "இன்னாடி உன் பிரச்சினை? அந்த ஓட்டுதான?"

அவளுக்கு எப்படித் தெரியும் என்று அந்த அவசரத்தில் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. ஆமாம் என்றேன்.

"நானே போட்டுடறேன். எப்படின்னு காட்டு."

காட்டிக்கொடுத்தேன். காலையில் அட்மின் அக்கா கேள்வியைப் போடுவாள். கீழே இரண்டு பெயர் இருக்கும். மேலே லிஃப்ட், கீழே குடை. "மேல இருக்கறத அமுக்கணும். மேல. அமுக்கிட்டு வேற எதையும் தொடாத." அம்மா தலையை ஆட்டினாள். மூன்று தடவை சொல்லவைத்தேன். மூன்று தடவையும் "மேல" என்றாள்.

மறுநாள் மத்தியானத்துக்கு மேல் பொறுக்க முடியாமல் ஆயிஷா வீட்டுக்குப் போனேன். அவள் அண்ணனின் போனில் குரூப்பைத் திறந்து வைத்திருந்தாள். ஆயிஷாவின் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். லிஃப்ட் கொஞ்சம் முன்னால் இருந்தது. அம்மா பெயர் இன்னும் எதிலும் வரவில்லை. "அக்கா எங்கே, ஆம்பூர் அக்கா இல்லாம ஓட்டா" என்று மெசேஜ் மேல் மெசேஜ். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நாலு மணிக்கு ஆயிஷா, "அய்யோ" என்றாள்.

எட்டிப் பார்த்தேன். குடைப் பாட்டுக்குக் கீழே இருந்த பெயர்களில் கடைசியாக, கனகாம்பரமும் சாத்துக்குடி ஜூஸுமாக என் அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள்.

"விரல் பட்டிருக்கும்" என்றேன். "பஸ் குலுங்கியிருக்கும்."

குரூப் தீப்பற்றி எரிந்தது. அக்கா கட்சி மாறிட்டாங்க. அக்கா, தெரு நாய் என்னாச்சு. இது துரோகம். மின்மினி மட்டும் கைகூப்பும் படம் ஒன்றை அனுப்பினாள். இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போதே, அம்மாவின் பெயரில் ஒரு குரல் பதிவு வந்து விழுந்தது. அந்தக் குரூப்பில் எட்டு மாதமாக நான் ஒரு தடவைகூடக் குரலை அனுப்பியதில்லை. அனுப்பினால் என் வயது தெரிந்துவிடும். ஆயிஷா அதை அமுக்கினாள். முதலில் பஸ் ஹாரன், அப்புறம் கண்டக்டர் பேரணாம்பட்டு பேரணாம்பட்டு என்று கத்துவது, அப்புறம் என் அம்மா.

"எல்லாருக்கும் வணக்கம்மா. ஏன் கட்சி மாறிட்டீங்கன்னு கேக்கறீங்க. நான் மாறலம்மா. லிஃப்ட் பாட்டு நல்ல பாட்டுதான், எங்க வூட்ல அதுதான் ஜாஸ்தி ஓடுது. அது முடிஞ்சா இந்தக் குடைப் பாட்டு தானா வந்துடும். தோச சுடறப்போ கேப்பேன். நான் டிசைன்லாம் போடறதில்லம்மா, அது சும்மா சொன்னது. தைக்கிற செக்‌ஷன்ல கீறேன். அறுபது மெஷின் ஓடும், பக்கத்துல இருக்கறவ கூப்டாகூட கேக்காது. இந்தப் பாட்டுல பாருங்க, அந்தப் பையன் ஒவ்வொரு வரிக்கும் முன்னாடி மூச்சு இழுக்கறான். அது நல்லா கேக்குது. பாஷ தெரியலன்னாலும் அத கேக்க எனக்குப் புடிச்சிருக்கு. அவ்ளோதான். யாரும் சண்ட போட்டுக்காதீங்க, சாப்டீங்களா எல்லாரும்?"

ஆயிஷாவின் அம்மா பூண்டைக் கீழே வைத்துவிட்டார். "அட, இது உங்க அம்மா குரலாச்சே! இன்னொரு வாட்டி போடு" என்றார். கேட்டுவிட்டு, "அச்சா பேசறாங்க" என்றார்.

எனக்குக் காது இரண்டும் சுட்டது. டிசைனர் போய்விட்டாள். இத்தாலி போய்விட்டது. இனி அந்தக் குரூப்பில் எந்த முகத்தோடு நுழைவது? ஆனால் வந்த பதில்களில் டிசைனைப் பற்றி ஒருத்திகூடக் கேட்கவில்லை. திருப்பூரிலிருந்து ஒரு பெண், "எங்கம்மாவும் டெய்லர்தான் அக்கா" என்று எழுதினாள். இன்னொருத்தி, இப்போதுதான் ஹெட்போன் போட்டுக் கேட்டேன், மூச்சு கேட்கிறது, அழுதுவிட்டேன் என்று எழுதினாள். அதுவரை ஓட்டுப் போடாமல் இருந்தவர்கள் வரிசையாகக் குடைப் பாட்டுக்குப் போட்டார்கள். ஐந்தேகாலுக்கு இரண்டும் சமம். ஆறு மணிக்கு லிஃப்ட் தோற்றிருந்தது, அதுவும் கௌரவமான வித்தியாசத்தில் இல்லை. எட்டு மாதம் நான் சேர்த்துவைத்த மரியாதை முழுவதையும் அம்மா ஒரே மத்தியானத்தில், பேருந்தில் நின்றுகொண்டு, எனக்கு எதிராகச் செலவழித்துவிட்டாள்.

ஏழு மணிக்கு அவள் வந்தாள். கையில் நிச்சயதார்த்த வீட்டு லட்டுப் பை. நான் கதவருகிலேயே பிடித்துக்கொண்டேன்.

"மேல அமுக்குன்னு எத்தன வாட்டி சொன்னேன்!"

"சொன்ன."

"அப்பறம் ஏன்?"

அம்மா செருப்பைக் கழற்றினாள். "அந்தக் கேள்வி இன்னா எழுதியிருந்ததுன்னு படிச்சியா? 'உங்களுக்கு மிகவும் பிடித்த பாட்டு எது'ன்னு இருந்தது. உங்க பொண்ணுக்குன்னு இல்ல."

"எனக்காகப் போடறேன்னுதான சொன்ன?"

"சொன்னேன்தான். கையில வாங்கிப் பாத்தா மனசு வரல." செருப்பை ஓரமாகத் தள்ளிவிட்டு, "தப்புதான்" என்றாள். ஆனால் தப்பு செய்தவள் மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளவில்லை. அப்பா உள்ளேயிருந்து, யார் ஜெயித்தது என்று கேட்டார். "நான்" என்று சொல்லிவிட்டு அம்மா புடவை மாற்றப் போனாள்.

நான் லட்டைத் தொடவில்லை. மறுநாள் காலையில்தான் இரண்டு தின்றேன்.

என் எழுத்தை எல்லாம் அவள் தினமும் சாயங்காலம், நான் திருப்பிக் கொடுத்த போனில், படித்துக்கொண்டுதான் இருந்தாள் என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம் ஆனது. தெரு நாயைப் படித்திருக்கிறாள். டிசைனரையும் படித்திருக்கிறாள். அதைப் பற்றி அன்றும் சரி, இன்றுவரையிலும் சரி, என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. 'சும்மா சொன்னது' என்று அந்தப் பஸ்ஸில் அவள் சொன்னது என் பொய்யை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டதுதான். நான் அதைக் கவனிக்காமல், என் குட்டை உடைத்துவிட்டாள் என்று அந்த ஒரு வாரமும் முறைத்துக்கொண்டிருந்தேன்.

முறைப்பதற்கு வேறு காரணமும் இருந்தது. திங்கட்கிழமை நான் அந்தக் குரூப்பில் என்ன எழுதினாலும், "அக்கா, வாய்ஸ் போடுங்க" என்றே பதில் வந்தது. இப்போது வேலையில் இருக்கிறேன், சாயங்காலம் வருகிறேன் என்று எழுதிவிட்டுக் கணக்கு வகுப்பில் உட்கார்ந்தேன். அம்மாவின் பெயரில் முதல் முறையாக முழு உண்மையை எழுதியிருந்தேன்.

சாயங்காலம் அம்மா வந்தாள். முகம் கழுவினாள், டீ போட்டு எடுத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். நான் போனை நீட்டினேன். "உன்னதான் கேக்கறாங்களாம்."

"என்னயா?" என்று வாங்கிக்கொண்டாள். ஒவ்வொருத்தி குரலாகப் போட்டுக் கேட்டாள். வேலூர்ப் பெண்ணுக்கு ஒரு பதில், திருப்பூர்ப் பெண்ணுக்கு ஒரு பதில். மின்மினி ஏதோ சொல்ல, அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். ஐந்து பேரில் நாலாவது பையனுக்கு எல்லாப் பாட்டிலும் இரண்டு வரிதான் கொடுக்கிறார்கள், அவன் என்ன பாவம் செய்தான், எங்கள் தையல் லைனில்கூட ஒருத்தியை மட்டும் இப்படி ஒதுக்கிவைத்து வேலை கொடுக்க மாட்டார்கள் என்று நியாயம் கேட்டாள். அந்தப் பையனின் பெயரைக்கூடச் சரியாகச் சொன்னாள்.

டீ ஆறி ஏடு கட்டிவிட்டது. கம்பெனியில் பத்து நிமிஷ இடைவேளையில் குடித்துப் பழகி, கொதிக்கக் கொதிக்க டீ குடிக்கிறவள் அவள். ஆறவிட்டு நான் பார்த்ததேயில்லை.

"டீ ஆறுது" என்றேன்.

போனிலிருந்து கண்ணை எடுக்காமல், இரு என்று கையைக் காட்டினாள்.

என் சிநேகிதிகளை என் கண்ணெதிரிலேயே அம்மா எடுத்துக்கொண்டுவிட்டாள் என்று நான் பொருமினேன். லைனில் பேச விடமாட்டார்கள், கம்பெனி பஸ்ஸில் எல்லாரும் தூக்கம், வீட்டுக்கு வந்தால் பேச்செல்லாம் எங்களுடையதுதான். அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று கேட்பதற்காக யாராவது காத்திருந்தார்கள் என்றால், எனக்குத் தெரிந்து, அது அன்றைக்குத்தான். அது எனக்கு அப்போது தெரியவில்லை. டம்ளரை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு போய், அவளுக்குக் கேட்கட்டும் என்று பாத்திரத்தை டங்கென்று அடுப்பில் வைத்து, டீயைச் சூடுபண்ண ஆரம்பித்தேன்.