வழுக்கியாற்றைப் படம்பிடித்த பின்னேரம்

அப்பா அயர்லாந்தில் இருந்த நாலு வருசத்தில், அந்த நாட்டைப் பற்றி எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு சின்ன ஆறுதான். அதன் கரையில் நின்றுதான் எப்போதும் எங்களுக்கு வீடியோவில் போன் எடுப்பார். கல்லால் கட்டிய பாலம், தேத்தண்ணி நிறத்தில் தண்ணீர், அசையாமல் நிற்கும் சாம்பல் நிறக் கொக்கு, அக்கரையில் செம்மறியாடுகள். திருப்பித் திருப்பி இவற்றையே காட்டுவார். அகலம் அதிகமில்லை. ஆனால் அது வருசம் முழுக்க ஓடும் என்பது எனக்குப் பெரிய அதிசயம்.

யாழ்ப்பாணத்தில் ஆறே இல்லை என்று அங்கே யாரிடமோ சொன்னதாக ஒருநாள் சொன்னார். எனக்கு ரோசம் வந்துவிட்டது. எங்கள் வீட்டுக்கு அருகிலேயே வழுக்கியாறு இருக்கிறதே! மாரியில் மட்டும் ஓடும், மற்ற மாதங்களில் அதற்குள் மாடு மேயும் என்பது வேறு விசயம். அது ஓடும்போது படம்பிடித்து அனுப்புவதென்று முடிவெடுத்தேன். அப்போது எனக்கு ஒன்பது வயது.

அந்தக் கார்த்திகையில் ஐந்து நாள் விடாத மழை. ஆறாம் நாள் வானம் வெளித்தது. அப்பாவை அங்கே தங்க விடுவார்களா என்ற கேஸின் முடிவும் அன்றைக்குத்தான். அம்மா காலையிலிருந்து ஓரிடத்தில் இருக்கவில்லை. பால் பொங்கி வழிந்ததும் தெரியாமல் வாசல் படலைக்கும் குசினி அடுப்புக்கும் நடந்தார். பின்னேரம் குளிக்கக் கிணற்றடிக்குப் போனபோதுதான் கையிலிருந்த போனை மேசையில் வைத்தார்.

அதற்குமேல் எனக்குப் பொறுக்கவில்லை. அண்ணையிடம் சைக்கிளை எடுக்கச் சொன்னேன்.

“அம்மா கொல்லப்போறா,” என்றான்.

“அவ குளிச்சு முடிக்க முந்தி வந்திடுவம், வா அண்ணை.”

மதகுக்குக் கீழே ஆறு இரைந்துகொண்டு ஓடியது. வாழைத்தண்டும் பூவரசங் கொப்பும் சுழன்று வந்தன. மதகுக் கட்டில் எக்கிப் படுத்துப் போனை நீட்டி, “அப்பா, இதுதான் எங்கடை ஆறு,” என்று தொடங்கினேன். அந்த நேரம் பார்த்துப் போன் கைக்குள் அதிர்ந்தது. அப்பாதான். திடுக்கிட்டதில் பிடி விட்டுப்போயிற்று.

அண்ணை இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் துழாவினான். கிடைக்கவில்லை.

நாங்கள் திரும்பியபோது அம்மா ஈரத்தலையோடு படலையில் நின்றார்.

“போன் எங்கையடி?”

“ஆத்துக்கை விழுந்திட்டுது, அம்மா.”

“அப்பா எடுத்தவரோ?”

“ஓம். கதைக்க முந்தி விழுந்திட்டுது.”

அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் அப்படியே ஈர நிலத்தில் குந்தி இருந்துவிட்டார்.

அப்பாவின் போன் இலக்கம் யாருக்கும் பாடமில்லை. இரண்டு நாட்கள் அம்மா, யாராவது செய்தி கொண்டு வருகிறார்களோ என்று ஒவ்வொரு மோட்டார் சைக்கிள் சத்தத்துக்கும் வாசலுக்கு ஓடினார். மூன்றாம் நாள், யாரிடமோ விசாரித்து, பக்கத்து வீட்டு மாமியின் போனுக்கு அப்பா எடுத்தார். மாமி வேலிக்கு மேலால் நீட்ட, நான்தான் முதலில் ஓடிப்போய் வாங்கினேன்.

“அப்பா, நான்தான் போனை ஆத்துக்கை போட்டனான்,” என்று அழுதேன்.

அவர் ஏசவில்லை. “எங்கடை ஆறு ஓடினதோ, பிள்ளை?” என்று கேட்டார். எவ்வளவு அகலம், என்ன நிறம், மீன் கண்டேனா, அண்ணை எவ்வளவு ஆழம் இறங்கினான் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் அழுகையை மறந்து சொல்லிக்கொண்டே போனேன். பக்கத்தில் அம்மா கையை நீட்டியபடி நின்றார்.

“அம்மாட்டைக் குடுக்கட்டோ?” என்று இரண்டு தரம் கேட்டேன்.

“பொறு பிள்ளை. மதகடியிலை வேறை என்ன கண்டனி? அதைச் சொல்லு.”

எங்கள் ஆறு அவருக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்றே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. கேஸ் தோற்றிருந்தது, தை மாதம் அவரைத் திருப்பி அனுப்பினார்கள். அதெல்லாம் பிறகு தெரிந்தது. அன்று அம்மா நீட்டிய கையை மெல்ல இறக்கியபோதுகூட, என்னை இன்னும் கொஞ்ச நேரம் கதைக்க விடுகிறார் என்றுதான் நினைத்தேன்.