கிரவல் ரோட்டில் நழுவிய நீலப் பை

எண்பத்தேழாம் ஆண்டு என்றுதான் நினைக்கிறேன். ஒக்லண்டில் நல்ல வெயில் காலம். நாங்கள் நியூசிலாந்துக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு பழைய வீட்டின் பின்பக்கத்தை வாடகைக்கு எடுத்து நானும் என் கணவரும் இருந்தோம். கார் இல்லை. யாரோ பாவித்து விட்ட இரண்டு பழைய சைக்கிள்கள்தான் இருந்தன. யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு சைக்கிள் இருந்தால் போதாதா, வேறென்ன வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை என்றால் இவருக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. காலையிலேயே உறைப்புச் சம்பல் பூசிய பாண் ரொட்டியைக் கட்டிக்கொண்டு பிளாட் புஷ் பக்கம் புறப்பட்டு விடுவோம். இன்றைக்கு அங்கே வீட்டோடு வீடு ஒட்டி நிற்கிறது, பாதிப் பேர் நம்முடைய ஆட்கள். அந்த நாளில் அது வெறும் மேய்ச்சல் நிலம். மேடும் பள்ளமுமாகச் சரளைக்கல் போட்ட ஒரு கிரவல் ரோட்டு, ஒரு பக்கம் கம்பி வேலி, மற்றப் பக்கம் தண்ணீர் ஓடுகிற வாய்க்கால். மணிக்கணக்காக ஓடினாலும் நாலு வாகனத்தைக் காண முடியாது. மாடுகள் மட்டும் வேலியோரம் வந்து நின்று எங்களைப் புதினம் பார்க்கும்.

நாங்கள் எங்கே போனாலும் எங்களோடு ஒரு பையும் வரும். பழைய திரைச்சீலையில் நானே தைத்த நீலப் பை. எங்கள் இரண்டு பேருடைய பாஸ்போர்ட், பிறப்புப் பத்திரங்கள், கலியாணப் பதிவு, என்னுடைய ஆசிரியர் சான்றிதழ், இவருடைய படிப்புச் சான்றிதழ் எல்லாம் பொலித்தீனில் சுற்றி அதற்குள் இருந்தன. எண்பத்து மூன்று கலவரத்தில் கொழும்பில் நாங்கள் இருந்த வீட்டை எரித்த அன்று உடுத்த உடுப்போடும் அந்தக் காகிதங்களோடும்தான் வெளியே ஓடினோம். அதற்குப் பிறகு அந்தப் பையைப் பிரியாமல் இருப்பது எனக்கு ஒரு நோய் மாதிரியே பிடித்துக்கொண்டது. மூலையில் இருந்த டெய்ரி என்கிற சின்னக் கடைக்குப் பால் வாங்கப் போனாலும் பையைத் தூக்கிக்கொண்டுதான் போவேன்.

அந்த ஞாயிறு இவர் வாய் விட்டே சொன்னார்.

"இஞ்சேரும், செவ்வாய்க்கிழமை விசா இன்டர்வியூ. இண்டைக்கு ஒரு நாளைக்கெண்டாலும் உந்தப் பையை வீட்டில வச்சிட்டு வாரும்."

"வீடு எரிஞ்சா?"

"இந்த ஊரில ஆரப்பா வந்து வீட்டை எரிக்கப் போறாங்கள்?"

"கொழும்பிலயும் நீங்கள் உப்பிடித்தான் சொன்னனீங்கள்."

மனுசன் சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போய்விட்டார். நானும் வென்றுவிட்ட பெருமையோடு பாணையும் தண்ணீர்ப் போத்தலையும் அதே பைக்குள் போட்டு, சைக்கிள் கரியரில் வைத்து, பழைய டியூப் துண்டால் இழுத்துக் கட்டினேன்.

அந்த இன்டர்வியூ சாதாரணமானது அல்ல. இந்த நாட்டில் நிரந்தரமாக இருக்க விடுவார்களா, திருப்பி அனுப்புவார்களா என்று அதில்தான் தெரியும். மூலப் பத்திரங்கள் எல்லாம் கையில் கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள்.

பாதி வழியில் தண்ணீர் குடிக்க நின்றோம். போத்தலை எடுக்கப் பையை அவிழ்த்தேன். நான் திரும்பக் கட்டுவதற்குள் இவர் ஏறி ஓடத் தொடங்கிவிட்டார். விடுவேனா? இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட வேண்டிய டியூப்பை ஒரே சுற்றோடு செருகிவிட்டு, துரத்திக்கொண்டு போனேன். ஊரில் எங்கள் ஒழுங்கையில், அந்தக் குறுகல் தெருவில், என்னைச் சைக்கிளில் முந்தியவர்கள் குறைவு, அந்தத் திமிர் வேறு. இறக்கத்தில் கல் துள்ள, ஹாண்டில் உதற, இவரைத் தாண்டிக்கொண்டு போனபோது எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அடுத்த மேட்டில் ஏறிக்கொண்டிருந்தோம். பின்னால் வாகனச் சத்தம் கேட்டது. பிறகு ஹோர்ன். விடாமல் அடித்தது. அரைக் கண்ணால் திரும்பிப் பார்த்தேன். கடும் பச்சை நிறம், உயரமான உடம்பு, பின்னால் புழுதி. கண்ணாடிக்கு வெளியே ஒரு கை, கூடவே ஒரு ஆம்பிளைக் குரல் கத்துகிறது.

"ஜீப் வருது, திருப்புங்கோ" என்றேன்.

இவர் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. யாழ்ப்பாணத்தில் அந்த நாட்களில் சைக்கிள் ஓடியவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. பின்னால் ராணுவ ஜீப் என்றால் கை தானாகவே ஒழுங்கைக்குள் திருப்பும். இங்கே ஒழுங்கை எங்கே? வாய்க்கால் கரையோடு ஒரு ஒற்றையடிப் பாதை இறங்கியது. இரண்டு பேரும் அதற்குள் விழுந்தடித்துக்கொண்டு போனோம். ஹோர்ன் இன்னும் கொஞ்ச நேரம் கேட்டது, பிறகு நின்றுவிட்டது. நாங்கள் நிற்கவில்லை. அரை மைலாவது மிதித்திருப்போம்.

ஒரு மர நிழலில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோதுதான் இவர் கேட்டார். "ஏனப்பா ஓடினனாங்கள்? இஞ்ச ஆமி ஏது?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். சிரிப்பு வந்தது. வயிறு நோகச் சிரித்தோம். சிரித்தபடியே சைக்கிளைப் புல்லில் சாய்க்கப் போனேன். கரியரில் டியூப் துண்டு மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

கரியரைக் காட்டினேன். இவர் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். "சரி, வாரும், தேடுவம்" என்று மட்டும் சொன்னார். என் பிறப்புப் பத்திரத்தைத் திரும்ப எடுக்க வழியில்லை, பதிவு வைத்திருந்த அரசாங்கக் கந்தோரே எரிந்து போயிருந்தது. அந்தப் பை இல்லாவிட்டால் நாங்கள் இன்னார் என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம் கிடையாது.

வந்த வழியே சைக்கிளை உருட்டிக்கொண்டு, புல்லை விலக்கி விலக்கிப் பார்த்து நடந்தோம். வாய்க்காலில் நீலமாக ஏதோ தெரிந்தது. செருப்போடு இறங்கினேன். முழங்கால் அளவு சேறு. இழுத்துப் பார்த்தால் யாரோ எறிந்த உரப்பை. கரையில் ஏறி அழுதேன். "பிள்ளையாரப்பா, பை கிடைத்தால் உனக்கு நூற்றெட்டுத் தேங்காய்" என்று நேர்ந்தேன். ஒக்லண்டில் நூற்றெட்டுத் தேங்காய்க்கு எங்கே போவது, உடைக்கக் கோயில் எங்கே இருக்கிறது என்றெல்லாம் அப்போது யார் யோசித்தது?

ஒற்றையடிப் பாதை முடிந்து கிரவல் ரோட்டில் ஏறினோம். அந்தப் பச்சை வாகனம் மேட்டுப் பக்கத்திலிருந்து மெதுவாக வந்துகொண்டிருந்தது. ஹாண்டிலை ஒற்றையடிப் பாதைப் பக்கம் திருப்பினேன். ஆனால் இந்த முறை ஓட முடியாது. பையைத் தேட வேண்டும்.

வாகனம் எங்களுக்கு வெகு தூரத்திலேயே நின்றது. எஞ்சினை அணைத்துவிட்டு ஒருவர் இறங்கினார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், அரைக் காற்சட்டை, முழங்கால் வரை ரப்பர் சப்பாத்து. அந்தப் பக்கத்துப் பண்ணைக்காரர். அவர் கையில் என்னுடைய நீலப் பை.

அவர் எங்களிடம் வரவில்லை. பக்கத்தில் இருந்த வேலிக் கட்டையில் பையை மாட்டினார். பிறகு பின்னுக்கு நடந்து, தன் வாகனத்தையும் தாண்டிப் போய், இரண்டு கையும் தெரிகிற மாதிரித் தொங்க விட்டுக்கொண்டு, எங்களைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்தபடி நின்றார். வெருண்ட ஆட்டை எப்படிக் கிட்ட வர வைப்பது என்று தெரிந்த மனுசன்.

"நீர் போய் எடும்" என்றார் இவர்.

ஓடிப்போய் எடுத்தேன். கிரவலிலேயே குந்தியிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். இரண்டு பாஸ்போர்ட், பிறப்புப் பத்திரங்கள், கலியாணப் பதிவு, சான்றிதழ்கள். ஒன்றும் குறையவில்லை. பாண் மட்டும் நசிந்திருந்தது. நெஞ்சில் ஏறியிருந்த அம்மிக்கல்லை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அந்நிய மனுசன் நிற்கிறார் என்றும் பாராமல் வாய்விட்டு அழுதேன்.

அதற்குப் பிறகுதான் அவர் கிட்ட வந்தார். இறக்கத்தில் பை விழுந்ததைத் தன் வேலிக்குள் நின்று பார்த்தாராம். எடுத்துக்கொண்டு பின்னால் வந்தால், தான் ஹோர்ன் அடிக்க அடிக்க நாங்கள் வேகமாக ஓடுகிறோம். வாய்க்கால் பாதை முடிகிற இடத்துக்கு ரோட்டால் சுற்றிப்போய் எங்களுக்காகக் காத்து நின்றிருக்கிறார். நாங்களோ திரும்பிவிட்டோம். தன் நாய்கூட எங்களைப் பிடித்திருக்காது என்றார்.

இவர் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், எங்கள் ஊரில் பச்சை ஜீப் வந்தால் என்ன நடக்கும் என்று சொன்னார். அவர் சிரிக்கவில்லை. திரும்பித் தன் வாகனத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அது ஏதோ பிழை செய்துவிட்டது போல இருந்தது அந்தப் பார்வை. பிறகு என்னிடம், உங்கள் வீட்டில் இழுத்துப் பூட்டுகிற ஒரு மேசை லாச்சி இல்லையா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். அதற்குள் வைக்கலாமே, இங்கே ஒருவரும் வர மாட்டார்கள் என்றார்.

எங்களிடம் கொடுக்க வேறு என்ன இருந்தது? நசிந்த சம்பல் பாணை நீட்டினேன். மறுக்காமல் வாங்கிச் சாப்பிட்டார். முகம் தக்காளி மாதிரிச் சிவந்து, எங்கள் போத்தல் தண்ணீர் முழுவதையும் குடித்து முடித்தார். நல்லாயிருக்கு என்று வேறு சொன்னார், பாவம்.

செவ்வாய்க்கிழமை இன்டர்வியூ ஒரு குறையும் இல்லாமல் முடிந்தது. சில மாதத்தில் விசாவும் வந்தது. ஒட்டாரா சந்தையில் பதினொரு தேங்காய்தான் கிடைத்தது. பின்முற்றத்துச் சீமெந்தில் உடைத்துவிட்டு, மிச்சத்துக்குத் தோப்புக்கரணம் போட்டேன். "பிள்ளையாரோடயும் பேரம் பேசுறீர்" என்று இவர் பக்கத்தில் நின்று எண்ணினார்.

இன்டர்வியூவுக்கு அடுத்த ஞாயிறு, பையை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினேன். திறந்து பார்த்தேன். திரும்பப் பூட்டினேன். இவர் வாசலில் சைக்கிளோடு பொறுமையாக நின்றார். அன்று வழி முழுவதும் என் கை பின்னால் போய்ப் போய் வெறும் கரியரைத் தடவியது. பின்னேரம் வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் லாச்சியைத் திறந்தேன். பை இருந்தது. வீடும் இருந்தது.

இன்றும் பின்னால் யாராவது விடாமல் ஹோர்ன் அடித்தால் ஒரு கணம் என் கை இறுகத்தான் செய்கிறது, ஆனால் நின்று திரும்பிப் பார்த்துவிடுகிறேன். எங்கள் வாழ்க்கையையே கையில் வைத்துக்கொண்டு பின்னால் வந்த மனுசனைப் பார்த்து அரை மைல் ஓடியவள் அல்லவா நான்.