அரை மணி நேர நிம்மதி

என் கணவரின் நெஞ்சு எங்கே நிம்மதியாக இருக்கிறது என்பதை நான் கணினியில் கண்டுபிடித்தேன். கேட்டால் சிரிப்பீர்கள். எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், மம்பாவிலிருந்து கிளம்பி சிரம்பானில் ரயிலேறி, கோலாலம்பூரில் ஒரு டாக்டரின் ஆராய்ச்சிக்கு உதவியாளராகப் போய்க்கொண்டிருந்தேன். இதய நோயாளிகளின் இடுப்பில் ஒரு சின்ன ரெக்கார்டரை ஒரு நாள் முழுக்கக் கட்டி அனுப்புவார்கள். அதில் பதிவான ஒவ்வொரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பது எண்களாக என் மேசைக்கு வரும். புள்ளியியல் மென்பொருளில் நான் நிரல் எழுதி அந்த எண்களை அலச வேண்டும்.

வெளியாட்கள் நினைப்பதற்கு நேர்மாறான சங்கதி இது. நல்ல இதயம் ஒரே சீராகத் துடிப்பதில்லை. மூச்சை இழுத்தால் கொஞ்சம் வேகம், விட்டால் கொஞ்சம் நிதானம் என்று இடைவெளிகள் கூடிக் குறைந்துகொண்டே இருக்கும். ஆள் நிம்மதியாக இருந்தால் அந்த ஏற்ற இறக்கம் தாராளமாக இருக்கும். பதற்றமோ எரிச்சலோ இருந்தால் இடைவெளிகள் ஒன்றுபோலச் சுருங்கிவிடும். இதை ஐந்து ஐந்து நிமிடமாக வெட்டிக் கணக்குப் போட்டுக் கோடாக வரைவதுதான் என் நிரலின் வேலை. நிம்மதி கூடினால் கோடு மேலே ஏறும்.

நிரல் தயாரானதும் டாக்டர், "முதல்ல ஆரோக்கியமான ஆள் ஒருத்தருக்குப் போட்டுச் சோதிச்சுப் பாருங்க" என்றார். வீட்டில்தான் ஒருவர் இருந்தாரே. சிரம்பானில் இரும்புக்கடையில் ஸ்டோர் பார்ப்பவர், காய்ச்சல் என்று படுத்தே நான் பார்த்ததில்லை. ரெக்கார்டரின் கடிகாரத்தை வானொலிச் செய்தி நேரத்துக்குச் சரியாக வைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் நெஞ்சில் வயர்களை ஒட்டினேன்.

ஞாயிறு என்றால் அவர் லாபுவில் இருக்கும் ரப்பர் தோட்டத்துக்குப் போய்விடுவார். அங்கே அவருடைய அக்கா பால்மரம் வெட்டுகிறார். தாயில்லாத தம்பியை வளர்த்தவர். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். மரியாதைக்கு ஒரு குறையும் வைத்ததில்லை, ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைகளைக் கண்டால் எனக்கு ஆகாது. வாரம் முழுக்க நான் ரயிலில் இடிபட்டு வந்து சமைத்துப் போடுவேன். அவரோ சனிக்கிழமை மாலையே, "நாளைக்கு அக்கா மீன் ஆக்குவாங்க" என்று பூரித்துப்போவார். என் மீன் குழம்பைப் பற்றி அந்த வாயிலிருந்து ஒரு சொல் வந்ததில்லை.

அன்று நாலரைக்கு வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. வந்தவரை உட்கார வைத்து விசாரித்தேன்.

"எத்தன மணிக்கு என்னென்ன செஞ்சீங்க? சரியா சொல்லணும்."

"பன்னண்டு மணி வாக்குல சாப்பிட்டேன். அப்புறம் பேசிக்கிட்டு இருந்தோம். நாலு மணிக்குக் கெளம்பிட்டேன் லா."

"வாட்ச்சே கட்டுறதில்ல. நாலுன்னு எப்படித் தெரியும்?"

"அக்கா வீட்டு மணியப் பாத்துத்தான் எந்திரிச்சேன்."

மறுநாள் அந்த ஒரு நாள் பதிவை எண்களாக்கி, கட்டளைகளைத் தட்டினேன். இடையில் தவறிப்போன துடிப்புகளை நிரல் களைந்தது. பிரிண்டர் கரகரவென்று கோட்டை இழுத்துத் தள்ளியது. தூங்கும் நேரத்தில் கோடு ஏறியிருந்தது. அது எல்லோருக்கும் ஏறும். விழித்திருந்த நேரத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் அது எழும்பி நின்றது. மூன்றரையிலிருந்து நாலு மணி வரை. அதாவது அக்கா வீட்டில், கிளம்புவதற்கு முந்தைய அரை மணி நேரம்.

பிறகு இரவு, என் பக்கத்தில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்த நேரத்தைத் தேடினேன். கோடு தரையோடு தரையாகப் படுத்திருந்தது.

நிரலில் ஏதோ பிழை என்று நினைத்தேன். நினைத்தேன் என்ன, வேண்டிக்கொண்டேன். ஐந்து நிமிடத்தை இரண்டு நிமிடமாக மாற்றினேன். தவறிய துடிப்புகளைக் களையும் வரிகளைத் திருப்பி எழுதினேன். வேறு சூத்திரம் போட்டுப் பார்த்தேன். எதைச் செய்தாலும் அந்த மேடு அங்கேயே நின்றது. டாக்டர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "அருமையான டேட்டா. இந்த நேரத்துல மனுஷன் ரொம்ப நிம்மதியா இருந்திருக்கார்" என்று வியந்தார். எனக்கு வயிறு எரிந்தது.

வேறொரு பெண்ணைப் பார்த்து நெஞ்சு படபடத்திருந்தால் நாலு வார்த்தை கேட்டுவிடலாம். அக்காவிடம் நிம்மதியாக இருந்தாய் என்று ஒருவனை எப்படிக் குற்றம் சொல்வது? அந்த வாரம் பூரா தட்டை டொக்கென்று வைத்தேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அந்த அரை மணி நேரத்தில் அங்கே என்னதான் நடக்கிறது என்று பார்த்துவிடுவது என்று முடிவு கட்டினேன். அடுத்த ஞாயிறு, "நானும் வர்றேன்" என்றேன். அவர் கொஞ்சம் திகைத்துவிட்டு, "வாயேன்" என்றார்.

சாப்பாடு முடிந்தது. மீன் குழம்பு நன்றாகத்தான் இருந்தது, அது வேறு கடுப்பு. பிறகு அண்ணி பேச ஆரம்பித்தார். தண்ணீர்க் குழாய் உடைந்து ஒரு மாதமாகிறது, தம்பிக்கு நினைவிருக்கிறதா? மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கச் சொன்னது என்ன ஆயிற்று? சிரம்பானுக்குப் போனதும் தோட்டம் மறந்துவிட்டது. ஒவ்வொன்றுக்கும் இவர், "சரிக்கா, பாக்குறேன்க்கா" என்றார். வேலை வாங்கும் மண்டோர் முன்னால் நிற்கிற ஆள் மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். கால் விடாமல் ஆடிக்கொண்டிருந்தது. அந்த நெஞ்சில் எந்த மேடும் எழும்ப வழியே இல்லை.

சுவர்க் கடிகாரம் நாலு அடித்தது. இவர் சட்டென்று எழுந்தார். "கெளம்புறோம்க்கா."

என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்றரை.

"அண்ணி, உங்க மணி ரொம்ப முன்னாடி ஓடுது."

"அது எப்பவும் அப்படித்தான்மா" என்றார் அண்ணி. "காலையில ஆள் கணக்கெடுக்குற பெரட்டுக்கு லேட்டாப் போனா பேர் போட மாட்டாங்க, ஒரு நாள் சம்பளம் போச்சு. அதான் எங்கப்பா காலத்துலயே அரை மணி முன்னாடி தள்ளி வெச்சது. இந்த லயத்துல எல்லா வீட்டுலயும் அப்படித்தான் லா."

இவர் அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவர். அங்கே நாலு என்றால் வெளியே மூன்றரை என்பது அவருக்குத் தெரியாததல்ல. கேட்டதற்கு அந்த வீட்டு மணியையே சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான். லாபுவிலிருந்து எங்கள் வீட்டுக்கு மோட்டாரில் அரை மணி நேரம். மூன்றரைக்குக் கிளம்பியவர் நாலரைக்கு வந்திருக்கிறார். நடுவில் ஒரு அரை மணி நேரம் அக்கா வீட்டிலும் இல்லை, என் வீட்டிலும் இல்லை. கோடு எழும்பி நின்றது அங்கேதான்.

பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். ஒரு வாரமாக அண்ணி மேல் இருந்த எரிச்சலை எங்கே இறக்கி வைப்பதென்று தெரியவில்லை. தோட்டத்து மண்சாலை தார்ச்சாலையில் சேரும் இடத்தில் வாய்க்காலுக்கு ஒரு சின்னப் பாலம். அதன் ஓரத்தில் உட்காருகிற உயரத்துக்கு ஒரு சிமெண்டுத் திட்டு, மேலே செம்பனை மட்டையின் நிழல். அங்கே வந்ததும் வண்டியின் வேகம் தானாகக் குறைந்தது. அவர் கால் பிரேக்குக்குப் போனது. பிறகு நான் பின்னால் இருப்பது ஞாபகம் வந்ததுபோல மறுபடி முறுக்கினார்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. ரோட்டுல லோபாங்."

திரும்பிப் பார்த்தேன். சாலையில் ஒரு பள்ளமும் இல்லை. திட்டைச் சுற்றி மட்டும் புல் மிதிபட்டுக் கிடந்தது.

அண்ணியாவது மனுஷி. போட்டிக்கு மீன் குழம்பு வைத்துப் பார்க்கலாம், முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். ஒரு சிமெண்டுத் திட்டைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவள் யாரிடம் போய்ச் சொல்வாள்? அண்ணி மேல் பட்டதைவிட அதிகமான பொறாமையை அன்றைக்கு அந்தத் திட்டின் மேல் பட்டேன். அங்கே யாரும் இல்லை என்பதுதான் பொறுக்கவில்லை.

அடுத்த ஞாயிறு சட்டையைப் போட்டுக்கொண்டே, "நீயும் வர்றியா?" என்று கேட்டார்.

"இல்ல, எனக்கு வேல இருக்கு. நீங்க போய்ட்டு வாங்க."

அவர் தோள்கள் இரண்டும் மெல்ல இறங்கின. மூச்சு நீளமாக வந்தது. அதைப் படிக்க எனக்கு வயரும் வேண்டியிருக்கவில்லை, நிரலும் வேண்டியிருக்கவில்லை.