யாருக்குப் பிறந்தநாள்?

கோழி இறைச்சி பொதி செய்யும் தொழிற்சாலையில் வேலை. சனிக்கிழமை மட்டும் ஓய்வு. அந்தச் சனிக்கிழமையைத்தான் என் சிநேகிதி கேட்டாள்.

அவள் பிளாஸ்டிக் டப்பா விற்கத் தொடங்கியிருந்தாள். கடை இல்லை. யாராவது ஒருத்தி வீட்டில் பெண்கள் கூடவேண்டும். வந்தவர்களில் ஒருத்தி அடுத்த முறைக்குத் தன் வீட்டைத் தரவேண்டும். யாரும் தராவிட்டால் வியாபாரம் அதோடு சரி. முதல் வீடு என்னுடையது, மோர்னிங்சைட் அடுக்குமாடியில் ஏழாம் மாடி.

ஃபோனில் எட்டுப் பேருக்குச் சொன்னேன். "சனிக்கிழமை வீட்டில பார்ட்டி, நாலு மணிக்கு வாங்கோ." டப்பா என்று சொல்லவில்லை. சொன்னால் வரமாட்டார்கள் என்று நினைத்தேன். அது என் பிழை.

வழக்கம்போல ஆறு மணிக்குத்தான் வந்தார்கள். எல்லாரும் பட்டுச்சேலையில். கீழ்மாடி அன்ரி கேக் கொண்டுவந்தார்.

"ஆருக்குப் பிறந்தநாள், பிள்ளை?"

"ஒருத்தருக்குமில்லை அன்ரி. டப்பா விக்கிறம்."

"அட கடவுளே! உதுக்கே நான் சீலை உடுத்துக்கொண்டு வந்தனான்?"

சிநேகிதி ஒரு டப்பாவில் தண்ணீர் நிரப்பி மூடித் தலைகீழாகப் பிடித்தாள். ஒரு சொட்டும் ஒழுகவில்லை.

"நல்ல சாமான்தான்," என்றார் அன்ரி. "ஆனா உதுக்குள்ள கறி குடுத்துவிட்டா டப்பா திரும்பி வருமே? எனக்கு ஐஸ்கிரீம் டப்பாவே போதும்."

"உங்கட ஐஸ்கிரீம் டப்பா மூண்டு என்ர வீட்டில கிடக்கு அன்ரி," என்றாள் ஒருத்தி.

"அதைத்தானே சொல்லுறன்!"

இரண்டு பேர் சின்ன டப்பா எடுத்தார்கள். அடுத்த வீடு யாருடையது என்று சிநேகிதி கேட்டாள். எல்லாரும் கார்ப்பெட்டைப் பார்த்தார்கள். ஒருத்தி மகளுக்குப் பள்ளியில் சோதனை என்றாள். இன்னொருத்திக்கு நைட் ஷிஃப்ட். சிநேகிதி டப்பாக்களை ஒவ்வொன்றாக மூடத் தொடங்கினாள். அவள் புருஷன் முதுகு அடிபட்டு வேலையில்லாமல் வீட்டில் இருப்பதை அவள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

ஆனால் ஒருவரும் எழும்பவில்லை. கிழமை முழுக்க நின்று வேலை செய்கிற கால்கள். நீட்டிக்கொண்டு இருந்தார்கள்.

அன்ரி கேக்கைச் சிநேகிதி முன்னால் வைத்தார். "உன்ர டப்பாவுக்குத்தான் பிறந்தநாள். வெட்டு."

வெட்டினாள். சிரித்தாள். தின்றோம்.

போகும்போது அன்ரி மிச்சக் கேக்கை அந்த ஒழுகாத டப்பாவுக்குள் வைத்து மூடினார்.

"இது எங்கட வீட்டு அங்கிளுக்கு. டப்பா வேணுமெண்டா வாற மாதம் என்ர வீட்டுக்கு வந்து எடு. இவையளும் வரட்டும். ரோல்ஸ் செய்யிறன்."

சிநேகிதி கொப்பியை எடுத்து அடுத்த வீட்டை எழுதினாள்.

"நீயும் வரவேணும்," என்று அன்ரி என்னைப் பார்த்தார். ஓம் என்றேன். அதுவும் சனிக்கிழமைதான்.